இருந்தது, இருந்ததாம், இருந்திருக்கலாம்

இணைய இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் இருக்கும் நண்பர், நான் அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் கேட்டார். "கட்டுரை நல்லாருக்கு. ஆனா 'லாம்' ரொம்ப ஜாஸ்தி. இருந்திருக்கலாம், வந்திருக்கலாம், கருதலாம்... படிக்கிறவன் செல்போன்ல படிக்கிறான், தள்ளிக்கிட்டே போறான். அவனுக்கு உறுதியா ஒண்ணு சொல்லு. தீசிஸ் மாதிரி மென்னு முழுங்காதே."

அவர் சொன்னதில் பாதி சரி. பல்கலைக்கழகத்தில் எழுதப் பழகியவர்களுக்கு ஒரு நோய் உண்டு. வாக்கியத்தை ஆரம்பிக்கும்போதே தப்பிக்கும் வழியைக் கட்டி வைத்துவிடுவோம். 'இவ்வாறு கருத இடமுண்டு என்பது மறுக்கத்தக்கதன்று' என்று எழுதிவிட்டு, எதையோ சொல்லிவிட்ட திருப்தியோடு அடுத்த பத்திக்குப் போவோம். இந்த மொழியை அப்படியே இணையத்தில் கொண்டுவந்து கொட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். படிக்காததற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனால் மீதிப் பாதி என்னைத் தொந்தரவு செய்தது. 'லாம்' என்பது நடை சம்பந்தப்பட்ட விஷயமா? ஒரு கட்டுரையில் சொல்லை மாற்றலாம், வாக்கியத்தை உடைக்கலாம், முன்னுரையைத் தூக்கிக் குப்பையில் போடலாம். இதெல்லாம் நடை. எனக்கு எவ்வளவு தெரியும், எங்கே தெரிவது நின்று ஊகம் தொடங்குகிறது என்பதை மறைத்தால் அதற்கும் நடை என்றுதான் பெயரா? ஆய்வாளருக்கு இன்னொரு ஆய்வாளரை ஏமாற்றுவது கடினம், அவரும் அதே குழியைத் தோண்டிப் பார்த்தவர். பொதுவாசகருக்கு அந்த வசதி இல்லை. அப்படியானால் உறுதியின் அளவை யாரிடம் அதிகக் கவனத்தோடு சொல்ல வேண்டும்? நாம் செய்வது நேர் எதிராக இருக்கிறது. சந்தேகங்களைச் சக ஆய்வாளர்களுக்குக் கொடுத்துவிட்டு, உறுதியை மட்டும் மக்களுக்குக் கொடுக்கிறோம்.

இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் காற்றில் கத்தி வீசுவதாகிவிடும். எனக்குத் தெரிந்த ஊரை வைத்துப் பேசுகிறேன்.

*

நான் இருப்பது மூலக்குளம். புதுச்சேரி என்றதும் உங்கள் கண்முன் வரும் மஞ்சள் சுவர், காகிதப்பூ, கடற்கரைச் சாலை எதுவும் இங்கே கிடையாது. இந்திரா காந்தி சிலையிலிருந்து மேற்கே, ரெட்டியார்பாளையம் தாண்டி வில்லியனூர் போகும் சாலையில், ஹாரன் சத்தத்துக்கும் பேக்கரி வாசலுக்கும் நடுவில் இருக்கிற ஊர். இங்கிருந்து வண்டியை எடுத்தால் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டுக்கு அரை மணி நேரம்.

அரிக்கமேடு பற்றி இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வரும். ஆட்டோக்காரர், பள்ளிக்கூடப் பையன், சுற்றுலா வீடியோ போடுகிறவர், எல்லோருக்கும் ஒரே பதில்: "அது ரோமானியர்கள் கட்டுன துறைமுகம்."

இந்தப் பதில் எப்படி வந்தது என்பதுதான் சுவாரசியம். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. இவர்களுக்குச் சொன்னவரும் பொய் சொல்லவில்லை.

1945இல் மார்டிமர் வீலர் அங்கே தோண்டினார். அப்போது அவர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. இத்தாலியில் செய்த சிவப்பு மெருகுத் தட்டுகளின் உடைசல்கள், மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச்சாடிகள், இவை கிடைத்தன. அந்த இத்தாலியத் தட்டுகளின் காலம் ஐரோப்பாவில் துல்லியமாகத் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு, கூடவே கிடைத்த உள்ளூர்ப் பானைகளின் காலத்தையும் சொல்லிவிடலாம். தென்னிந்தியத் தொல்லியலுக்கு ஒரு கடிகாரம் கிடைத்த மாதிரி. வீலரின் சாதனை உண்மையில் இதுதான், சின்ன விஷயம் இல்லை. அடுத்த ஆண்டே அவருடைய அறிக்கை வெளிவந்தது. அதன் தலைப்பில் அரிக்கமேட்டை 'இந்திய-ரோமானிய வணிக நிலையம்' என்று அழைத்தார்.

வீலருக்கு எழுத வரும். பேசவும் வரும். 1950களில் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பழம்பொருட்களை அடையாளம் காணும் நிகழ்ச்சி ஒன்றில் அவர் நட்சத்திரம். ரோமின் எல்லைக்கு அப்பால் ரோமானியப் பொருட்கள் போன கதையைப் பொதுவாசகர்களுக்காக 1954இல் ஒரு புத்தகமாக எழுதினார், அதில் அரிக்கமேட்டுக்கு நல்ல இடம் உண்டு. சென்னை அருங்காட்சியகத்து அலமாரியில் மதுச்சாடித் துண்டு ஒன்றைக் கண்டுபிடித்து, அது எங்கிருந்து வந்தது என்று துரத்திக்கொண்டு புதுச்சேரி வந்ததை அவர் சொல்லும் விதத்தில் ஒரு துப்பறியும் கதையின் வேகம் இருக்கும். இன்றைக்கு அவர் இருந்திருந்தால் யூடியூபில் லட்சக்கணக்கானோர் பின்தொடர்வார்கள்.

கதை நன்றாக அமைந்துவிட்டால் அதற்கு ஒரு நாயகன் தேவைப்படுகிறான். அவனுக்கு முன்னால் வந்தவர்கள் முன்கதைச் சுருக்கத்துக்குள் போய்விடுவார்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே லெ ஜான்தீ என்ற பிரெஞ்சு வானியலாளர் அந்த இடத்துப் பழைய செங்கல் இடிபாடுகளைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். (சூரியனைக் கடக்கும் வெள்ளிக் கோளைப் பார்ப்பதற்காகவே புதுச்சேரியில் காத்திருந்து, 1769இல் அந்த நாள் வந்தபோது மேகம் மூடிப் பார்க்க முடியாமல் போனாரே, அதே பாவப்பட்ட மனிதர்.) புதுச்சேரியிலேயே ஆசிரியராக இருந்த ழூவோ-துப்ரே 1937இல் அங்கே மணிகளும் கற்களும் சேகரித்தார். அதில் செதுக்கப்பட்டிருந்த ஒரு தலையை அகஸ்டஸ் சீசர் என்று அடையாளம் சொன்னார். அந்தக் கற்களில் பலவற்றை அவர் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். அதாவது அரிக்கமேட்டை முதலில் 'கண்டுபிடித்தவர்கள்' மழைக்குப் பிறகு மண்ணில் பளபளத்ததைப் பொறுக்கிய பிள்ளைகள். அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை.

வீலருக்குப் பிறகு 1947இலிருந்து 1950 வரை கசால் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டினார். இத்தாலியத் தட்டுகள் வருவதற்கு முந்தைய குடியிருப்பு அடுக்குகளை அவர் காட்டினார். ஊர் ஏற்கெனவே இருந்திருக்கிறது. அவர் பிரெஞ்சில் எழுதினார். கசாலும் அவர் மனைவியும் சேர்ந்து 1956இல் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே மூன்று ஊர்ப்பெயர்கள் இருக்கின்றன: வீராம்பட்டினம், முத்திரையர்பாளையம், சுத்துக்கேணி. முத்திரையர்பாளையம் எங்களுக்குப் பக்கத்து ஊர். தண்ணீர்த் தொட்டிக்கும் நெரிசலுக்கும் பெயர்போன அந்த இடத்தில் ஈமக்காட்டைத் தோண்டி, பாரிஸில் அச்சடித்த புத்தகத்தின் அட்டையில் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அங்கே மளிகைக்கடை வைத்திருப்பவரிடம் சொன்னால் "நம்ம முத்திரையர்பாளையமா?" என்று இரண்டு முறை கேட்கிறார்.

கடைசியாக விமலா பெக்லி. 1983இல் அரிக்கமேட்டை மறுபரிசீலனை செய்யும் கட்டுரை ஒன்றை எழுதினார். பிறகு 1989 முதல் 1992 வரை அவர் தலைமையில் அகழாய்வு நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகமும் அதில் சேர்ந்திருந்தது. ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அந்த ஊர் இருந்தது, அந்த வணிகம் ஓய்ந்த பிறகும் இருந்தது, வீலர் மத்தியதரைக் கடல் சரக்கு என்று நினைத்த ஒரு வகை உருளைக்கோட்டு மட்கலன் இந்தியாவிலேயே செய்தது என்ற முடிவுகளை நோக்கி அவர் ஆய்வு நகர்ந்தது. மட்கலன் விஷயத்தைப் பின்னால் வந்த களிமண் சோதனைகளும் உறுதி செய்தன. 1996இலும் 2004இலும் இரண்டு கனமான தொகுதிகள் வந்தன. இதே புதுச்சேரியில், பிரெஞ்சுக் கீழைத்தேயப் பள்ளி வெளியிட்டது. ஆங்கிலத்தில்.

அவற்றில் பானை விளிம்புகளின் குறுக்குவெட்டுப் படங்கள் பக்கம் பக்கமாக வரும். ஒவ்வொரு முடிவுக்கும் நிபந்தனை உண்டு. பெக்லி அவசரப்படுகிற ஆள் இல்லை. அந்த நிதானத்தின் விலை: ஆட்டோக்காரர் இன்னும் வீலரைத்தான் சொல்கிறார்.

*

இந்தக் கதையில் யார் ஒழுக்கமாக எழுதினார்கள்?

எளிதான பதில், பெக்லி. கவனமாக எழுதினார், தெரிந்ததைத் தெரிந்த அளவு சொன்னார். ஆனால் 'ரோமானியர் கட்டிய துறைமுகம்' என்ற வாசகம் வெறும் தகவல் பிழை இல்லை. அந்த வாசகத்துக்குள் அரிக்கமேட்டில் மணி கோத்தவன் காணாமல் போகிறான். பானை ஓட்டில் தமிழி எழுத்தில் தன் பெயரைக் கீறிவைத்தவன் காணாமல் போகிறான். நம் ஊரை யாரோ வந்து கட்டிக் கொடுத்தார்கள் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். இதைத் திருத்தும் சான்று கையில் இருந்தும், பத்துப் பேர் மட்டும் படிக்கும் மொழியில், பத்துப் பேர் மட்டும் வாங்கும் விலையில் அதை வைத்துவிட்டுப் போவது முழு நேர்மையா? தனிமனிதராக பெக்லியை நான் குறை சொல்லவில்லை. அது அவர் வேலை இல்லை, அவர் வேலையை அவர் பிரமாதமாகச் செய்தார். அவரைப் படித்த, தமிழில் எழுதத் தெரிந்த நம்மைத்தான் கேட்கிறேன்.

சரி, வீலர்தான் குற்றவாளியா? அவருடைய அறிக்கையிலும் ஊகங்கள் ஊகங்களாகத்தான் இருக்கின்றன. ஆனால் படிப்பதற்கு இனிமையான எழுத்துக்கு ஓர் ஆபத்து உண்டு, அதில் இருக்கும் பிழையும் இனிமையாகிவிடுகிறது. மோசமாக எழுதப்பட்ட பிழை யாரும் படிக்காமலே செத்துவிடும். நன்றாக எழுதப்பட்ட பிழைக்கு எண்பது வயதானாலும் நரை விழுவதில்லை. எனவே நன்றாக எழுதுகிறவனுக்குப் பொறுப்பு அதிகம். நடை கைவந்தவன் 'லாம்' போட வேண்டிய இடத்தில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவன் வாக்கியம்தான் பிழைத்துக் கிடக்கப் போகிறது.

என் நண்பர் இதற்கும் பதில் வைத்திருந்தார். "நீ சொல்றது சரி. ஆனா ரெண்டும் சேர்ந்து வராது. ஒண்ணு எளிமை, இல்லன்னா துல்லியம்." நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று பத்திகளை அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றும் நானே எழுதியவை.

முதலாவது, ஆய்வேட்டு மொழி: 'அரிக்கமேட்டில் கிடைத்துள்ள மத்தியதரைக் கடற்பகுதி மட்கலன்களின் அடிப்படையில், இவ்விடம் கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசுடன் வணிகத் தொடர்பு கொண்டு விளங்கியதாகக் கருதப்படுகிறது.'

இரண்டாவது, இணையத்தில் தினமும் பார்ப்பது: 'ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பாண்டில ரோமானியர்கள் ஒரு துறைமுகத்தையே கட்டியிருந்தாங்கன்னு சொன்னா நம்ப முடியுதா?'

மூன்றாவது: 'அரிக்கமேட்டு மண்ணில் ரோமானியக் கப்பல் சரக்கு கிடைத்திருக்கிறது. மதுச்சாடி உடைசல்கள், இத்தாலியில் செய்த சிவப்புத் தட்டுகள். சரக்கு வந்தது உறுதி. கொண்டுவந்தவர்களில் சிலர் இங்கே தங்கியிருக்கலாம். ஊரைக் கட்டியவர்கள் அவர்கள் இல்லை. அந்தச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது.'

மூன்றாவதில் ஒரே ஒரு 'லாம்' இருக்கிறது. எது உறுதி, எது ஊகம், எது தவறு என்று மூன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. பத்தாவது படிக்கும் பெண் இதைப் படிப்பாள். இதில் சொல்லியிருக்கும் தகவல் முதல் பத்தியில் இருப்பதைவிடத் துல்லியம். ஆமாம், ஆய்வேட்டு மொழியைவிட. 'கருதப்படுகிறது' என்று எழுதினால் யார் கருதுகிறார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எதை வைத்து எந்தப் பகுதி உறுதி, எந்தப் பகுதி உறுதியில்லை என்றும் பிரிக்க வேண்டியதில்லை. மொத்த வாக்கியத்தின் மேலும் ஒரு மெல்லிய சந்தேகப் போர்வையைப் போர்த்திவிட்டு நகர்ந்துவிடலாம். இந்தச் செயப்பாட்டு வினை பணிவு மாதிரி தெரியும். நிஜத்தில் அது ஒளிந்துகொள்ளும் இடம்.

இங்கேதான் பேச்சுத்தமிழ் கைகொடுக்கிறது. எழுத்துத்தமிழ் துல்லியமானது, பேச்சுத்தமிழ் கொச்சையானது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயம் எனக்கு எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதைச் சொல்ல நம் பேச்சில் இருக்கும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். 'அங்க ஒரு கோயில் இருந்துச்சு': பார்த்தேன், தெரியும். 'இருந்துச்சாம்': இன்னொருத்தர் சொன்னார், என் தலையில் கட்டாதே. 'இருந்திருக்கும்': பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன். 'இருந்திருக்கணும்': அடையாளங்களை வைத்துப் பார்த்தால் வேறு வழியில்லை. 'இருந்திருக்கும் போல': இப்போதுதான் எனக்கே தோன்றுகிறது. 'இருந்திருக்கலாம்': வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். ஆறு படி. எல்லாம் வினையின் வாலிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குத் தனித்தனி வாக்கியத் துண்டுகள் வேண்டும். ஆங்கில ஆய்வு நடையைப் பார்த்து எழுதிய நம் ஆய்வேடுகளும் கையில் இருந்த ஆறு படிகளை விட்டுவிட்டு 'கருதப்படுகிறது' என்ற ஒற்றைப் படியில் உட்கார்ந்துகொண்டன.

தெருவில் இரண்டு பேர் சண்டையைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். 'அவன் அடிச்சானாம்' என்பதற்கும் 'அவன் அடிச்சான்' என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் தவறவிட மாட்டார்கள். தவறவிட்டால் அடுத்த நாள் போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். சந்தேகம் மக்களுக்குப் புரியாது என்று சொல்கிறவர்கள் மக்கள் பேசுவதைக் கேட்டதில்லை.

*

பழைய உரையாசிரியர்களிடமும் இது இருந்தது. 'என்பாரும் உளர்' என்று ஓர் உரையில் வந்தால், தன் கருத்துக்கு மாறாக இன்னொரு கருத்து உண்டு, அதை நான் அறிவேன் என்று பொருள். 'எனினும் அமையும்' என்றால், நான் சொன்னது ஒரு வழி, இப்படிக் கொண்டாலும் பொருந்தும். இரண்டு சொல்லில் ஓர் அடிக்குறிப்பின் வேலை முடிந்தது. இவற்றை அப்படியே எடுத்து இன்றைய கட்டுரையில் வைத்தால் பட்டிமன்றம் மாதிரி ஆகிவிடும், அது வேண்டாம். 'இப்படிச் சொல்றவங்களும் இருக்காங்க' என்று எழுதினால் போதும்.

நன்னூல் ஒரு நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு சொல்கிறது. பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கி மறந்த பட்டியல். அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல். குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். இரண்டிலும் சொற்கள் குறைகின்றன. ஒன்று அழகு, ஒன்று குற்றம். சுருக்குவதற்கும் குன்றுவதற்கும் நடுவில் என்ன இருக்கிறது? சுருக்கும்போது சொல் குறைகிறது, பொருள் அப்படியே இருக்கிறது. குன்றும்போது பொருளே குறைகிறது, படிப்பவனுக்கு அது தெரிவதும் இல்லை. இணைய எழுத்தைப் பற்றிய விவாதங்கள் முக்காலே மூணு வீசம் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் நடக்கின்றன. 'கட்டுரையைச் சுருக்குங்க' என்று ஆசிரியர் கேட்கிறார், எழுதுகிறவர் குன்றிக் கொடுக்கிறார். அல்லது குன்றிவிடும் என்று பயந்து சுருக்கவே மறுக்கிறார்.

டேவிட் ஹியூமுக்கு இது நேர்ந்தது. இருபத்தேழு வயதில், 1739இல், மனித இயல்பு பற்றிய பெரும் நூலின் முதல் பகுதிகளை வெளியிட்டார். யாரும் சீந்தவில்லை. சொன்ன விஷயத்தைவிடச் சொன்ன விதம்தான் காரணம் என்று முடிவு செய்து, அதன் முதல் பகுதியை மனித அறிதல் பற்றிய கட்டுரைகளாகத் திருப்பி எழுதினார். 1748இல் அவை வந்தன. சின்ன நூல், தெளிவான நடை, படிக்க இன்பம். கடைசிக் காலத்தில், இளமையில் எழுதியதை விட்டுவிடுங்கள், இதையே என் கருத்தாகக் கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளவும் செய்தார். ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு பகுதி முழுசாக விழுந்துவிட்டது. 'நான்' என்று ஒன்று உண்டா, அல்லது மாறிக்கொண்டே இருக்கும் அனுபவங்களின் மூட்டைக்குத்தான் அப்படிப் பெயர் வைத்திருக்கிறோமா என்ற பகுதி. இன்றைக்கு உலகம் முழுக்க மாணவர்கள் ஹியூமிடம் தேடிப் போய்ப் படிப்பது எதை? அதைத்தான்.

இதை வைத்து 'பார்த்தீர்களா, எளிமையாக்கினால் ஆழம் போய்விடும்' என்று சொல்வது சோம்பேறித்தனம். ஹியூம் மீதியை எளிமையாக எழுதியதில் ஆழம் போகவில்லை, காரண காரியம் பற்றிய அவருடைய வாதத்தை அந்தச் சின்ன நூலில்தான் பலரும் முதலில் படிக்கிறார்கள். இழப்பு எளிமையால் வரவில்லை, எதை விடுவது என்ற தேர்வால் வந்தது. எழுதியவருக்கே இடறலாக இருந்த பகுதிதான் விழுந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அந்தப் பகுதி தனக்கே திருப்தியாக இல்லை என்பதை முதல் நூலின் பிற்சேர்க்கையிலேயே அவர் ஒத்துக்கொண்டிருந்தார். வாசகருக்காக விடுகிறோம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் பகுதிகளில் எத்தனை உண்மையில் நமக்காக விட்டவை? இந்தச் சந்தேகம் எனக்கு என் கட்டுரைகள் மேலும் உண்டு.

*

தமிழில் நன்றாக நடந்த உதாரணங்கள் இருக்கின்றன. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவர், பாடபேதம் பார்ப்பதில் ஆயுளைக் கழித்தவர். எண்பத்தைந்தை நெருங்கும்போது, 1940இல், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். விகடன் வாசகர் அன்றைய ஸ்க்ரோல் பண்ணுகிற வாசகர்தான், அடுத்த பக்கத்தில் ஜோக் இருக்கும். அங்கே அவர் ஆதாரங்களை விட்டுவிடவில்லை. ஆதாரத்தையே கதையாக்கினார். எந்தச் சுவடி எந்த ஊரில், யார் வீட்டில், எந்த நிலையில் கிடைத்தது, கொடுத்தவர் என்ன சொன்னார். பதிப்பு முன்னுரையில் ஒரு வரி நன்றியாக இருந்தது, வாரப் பத்திரிகையில் ஓர் அத்தியாயமாகிறது. அடிக்குறிப்பு கீழே இருந்து மேலே ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது. 'எனக்கு இது எப்படித் தெரியும்' என்பதைவிடச் சுவையான கதை ஓர் ஆய்வாளரிடம் வேறு என்ன இருக்கப்போகிறது?

தொ.பரமசிவன் இன்னொரு வழி. அழகர் கோயில் பற்றிய அவருடைய ஆய்வேடு மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. பிறகு 'அறியப்படாத தமிழகம்' மாதிரியான நூல்களில் உப்பு, எண்ணெய், உறவுமுறை, உணவு என்று மூன்று நான்கு பக்கக் கட்டுரைகள். தமிழில் பண்பாட்டு ஆய்வு என்று ஒன்று உண்டு என்பதே என் தலைமுறையில் பலருக்கு அந்தச் சின்னக் கட்டுரைகளால்தான் தெரிந்தது. எனக்கு அவரிடம் ஒரு வருத்தமும் உண்டு. சில இடங்களில் ஒரு சொல்லின் வேரிலிருந்து நேராக ஒரு சமூக வரலாற்று முடிவுக்குத் தாவிவிடுவார். அது அவருடைய ஊகமா, களத்தில் கேட்டதா, கல்வெட்டில் பார்த்ததா என்று வாக்கியத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ஐம்பது வருஷம் ஊர் ஊராக நடந்தவர், அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். அவரை நம்பலாம். ஆனால் அவருடைய நடையை மட்டும் எடுத்துக்கொண்டு, நடக்காமலேயே எழுதுகிறவர்கள் இன்று இணையத்தில் நூறு பேர். ஒரு வினைவிகுதி இருந்திருந்தால் அவரையும் இவர்களையும் வாசகர் பிரித்துப் பார்த்திருப்பார்.

கீழடிக்கும் இதே கதை நடந்தது, அரசியலோடு சேர்ந்து. 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை வந்தபோது ஆறு கரிமப் பகுப்பாய்வு முடிவுகள் அதில் இருந்தன. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரிக்கு கி.மு. 580 என்று காலம் வந்திருந்தது. மற்றவை அதற்குப் பின்னே வரிசையாக. நல்ல, வலுவான சான்று. அது நம் கைபேசிக்கு வந்து சேர்ந்தபோது மொத்தக் கீழடிக்கும் ஒரே வயது, 2600. கிடைத்த பானை, மணி, செங்கல் சுவர் எல்லாவற்றுக்கும் அதே வயது. மறுபக்கம் இருந்தவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஒரு சுவர் பிந்தைய காலத்தது என்று காட்டினால் போதும், 'பார், எல்லாம் புருடா'. அடுக்கு அடுக்காகச் சொல்லியிருந்தால் அடுக்கு அடுக்காகத்தான் மறுக்க முடியும். ஒற்றைக் கல்லாகச் சொன்னதை ஒற்றை அடியில் உடைக்கப் பார்க்கிறார்கள். அமர்நாத் ராமகிருஷ்ணா 2023இல் கொடுத்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தரும்படி மத்தியத் தொல்லியல் துறை 2025இல் கேட்டபோது, அது வெளிவராத அறிக்கை என்பதையே மறந்து இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் அதைப் பற்றித் தீர்ப்பு எழுதினார்கள். என் பெருமைக்குரிய ஒன்றைப் பற்றி எழுதும்போதுதான் 'லாம்' எனக்கு அதிகம் தேவைப்படுகிறது என்று அந்த வாரத்தில் தோன்றியது.

*

எளிய நடை வேண்டும் என்ற கோரிக்கைக்கும் இந்த ஊருக்கும் பழைய சம்பந்தம் உண்டு. பாரதி 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகத்தை 1912இல் புதுச்சேரியில் இருந்துகொண்டுதான் வெளியிட்டார். ஓரளவு படிக்கத் தெரிந்த எல்லோருக்கும் பொருள் விளங்க வேண்டும் என்று அதன் முன்னுரையில் அவர் கேட்டது கவிதைக்கு. உரைநடை, அதிலும் ஆய்வு உரைநடை, அந்த வீட்டுப்பாடத்தை இன்னும் முடிக்கவில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் வந்த அரிக்கமேடு வீடியோவைக் காட்டினார். துணிக்கடையில் வேலை, எட்டாவது வரை படிப்பு. வீடியோவில் ரோமானிய வீரன் ஈட்டியோடு கப்பலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இவனுங்க கட்டுறதுக்கு முன்னாடி அங்க யாரு இருந்தா?"

"இவங்க கட்டலக்கா. முன்னாடியே ஊர் இருந்துச்சு. மணி செய்றவங்க இருந்தாங்க, துணிக்குச் சாயம் போடறவங்க இருந்திருப்பாங்க."

"இருந்தாங்களா, இருந்திருப்பாங்களா?"

"மணி செஞ்சாங்க, அது நிச்சயம். பாதி செஞ்ச மணியும் கழிச்சுப்போட்ட கல்லும் அங்கேயே கிடைச்சிருக்கு. சாயம் போட்டது... தொட்டி மாதிரி செங்கல்ல கட்டினது இருக்கு. சாயத்தொட்டின்னு வெள்ளைக்காரர் ஒருத்தர் சொன்னார். இருக்கலாம்."

"தொட்டில சாயம் ஒட்டியிருந்துச்சா?"

அதைப் பார்க்கத்தான் வீலர் அறிக்கையை மறுபடியும் எடுத்து வைத்திருக்கிறேன்.